வார இறுதி வகுப்பு முடித்துவிட்டு 'பாலியல் சிகிச்சையாளர்' என்று போர்டு வைக்கலாமா?

கேள்வி: ஜனவரி 11, மாலை 6.40

ஆறு வருடமாகத் தம்பதி ஆலோசனை செய்துவருகிறேன். பாலியல் சிகிச்சையிலும் ஆலோசனையிலும் 'உயர்நிலைத் தொழில்முறைப் பயிற்சி' என்று ஒரு கோர்ஸ் கண்ணில் பட்டது. 40 மணி நேரம், முழுக்க இணையவழி, முடிவில் சான்றிதழ். நுட்பங்கள் எல்லாம் புத்தகத்திலேயே இருக்கின்றன. கேட்கத் தெரிந்த காது ஏற்கெனவே இருக்கிறது. பேசுகிற விஷயம் மட்டும்தானே மாறுகிறது? 40 மணி நேரமே அதிகம் என்று தோன்றுகிறது. முடித்தவர்கள் சொல்லவும்.

பதில்: ஜனவரி 11, இரவு 10.15

அதிகமா? 40 மணி நேரம் வாசலில் செருப்பைக் கழற்றத்தான் போதும்.

கணக்கு சொல்கிறேன். அமெரிக்காவில் பாலியல் கல்வியாளர்கள், ஆலோசகர்கள், சிகிச்சையாளர்களுக்கு ஒரு சங்கம் இருக்கிறது, ஆசெக்ட் என்பார்கள், 1967இல் தொடங்கியது. அவர்களுடைய சிகிச்சையாளர் சான்றிதழுக்காக நான் விதிகளைப் படித்தபோது இருந்தவை இவை: மனிதப் பாலியல் பற்றிய அடிப்படைப் படிப்பு 90 மணி நேரம், சிகிச்சை முறைகள் 60 மணி நேரம், நம் மனப்பான்மையை நாமே புரட்டிப் பார்க்கும் குழுப் பயிற்சி 10 மணி நேரம். இதெல்லாம் உட்கார்ந்து கற்பது. அப்புறம் மேற்பார்வையின் கீழ் 300 மணி நேரம் ஆட்களைப் பார்க்க வேண்டும். சூப்பர்வைசர் முன்னால் 50 மணி நேரம் உட்கார வேண்டும். இவ்வளவும் ஏற்கெனவே மனநலச் சிகிச்சைக்கு உரிமம் வைத்திருப்பவருக்கு மேல்படிப்பு.

வகுப்பில் கேட்டது எனக்குப் பெரிதாக ஒன்றும் செய்யவில்லை. அந்த 300உம் 50உம்தான் பயிற்சி.

உங்களைப் போலத்தான் நானும் நினைத்துக்கொண்டு வந்தேன். பயிற்சிக்கு முந்தைய காலத்தில் ஒருவர் 'அசதி' என்று வந்தார். மூன்று செஷன் அசதியைப் பற்றியே பேசினோம், தூக்கம், வேலை, மேலதிகாரி எல்லாம் வந்தது. நான்காவது செஷன் முடிந்து எழுந்து போய், கதவுப் பிடியில் கை வைத்துக்கொண்டு, திரும்பாமலே சொன்னார்: "அந்த விஷயமும் கொஞ்சம் சரியில்லை." நான் சொன்ன பதில்: "அசதி போனால் அதுவும் தானாகச் சரியாகிவிடும்." தலையாட்டிவிட்டுப் போனார். அப்புறம் வரவே இல்லை. எனக்கும் கேட்கத் தெரிந்த காது இருந்தது, அதனால்தான் சொல்கிறேன்.

ஜனவரி 12, காலை 7.05

'நுட்பங்கள் புத்தகத்தில் இருக்கின்றன' என்பதற்குப் பதில் சொல்லாமல் தூங்கப் போய்விட்டேன்.

என் முதல் ஒலிப்பதிவை (கிளையன்ட் எழுத்தில் சம்மதம் கொடுத்தபின் எடுத்தது) சூப்பர்வைசருக்குப் போட்டுக் காட்டினேன். 50 நிமிடப் பதிவு. நான்காவது நிமிடத்தில் நிறுத்தினார். மீதி 46 நிமிடத்தை அன்றைக்கு நாங்கள் கேட்கவே இல்லை. "இங்கே ஏன் உங்கள் குரல் இறங்கியது?" என்றார். எனக்குப் புரியவில்லை. மறுபடி போட்டார். 'உடலுறவு' என்ற சொல் வரும் இடத்தில் மட்டும், பக்கத்து அறையில் யாரோ தூங்குவது மாதிரி, என் குரல் தணிந்திருந்தது. அடுத்து பேசிய கிளையன்டின் குரலும் அதே அளவுக்குத் தணிந்திருந்தது. அவருக்கு அந்த அறையில் எவ்வளவு சத்தமாகப் பேசலாம் என்பதை நான்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறேன்.

இது எந்தப் புத்தகத்தில் இருக்கிறது?

ஜனவரி 12, இரவு 9.30

குரலைச் சொன்னதும் சொல் ஞாபகம் வருகிறது. இதைப் பற்றி யாரும் எழுதுவதில்லை, அதனால் கொஞ்சம் நீளும்.

பயிற்சி முழுக்க ஆங்கிலத்தில் நடந்தது. வருகிறவர்கள் பேசுவது தமிழ். பாடநூல் தமிழில் கலவி, புணர்ச்சி, விறைப்பு, உச்சம், விந்து முந்துதல் என்று அழகழகான சொற்கள் உண்டு. ஒருத்தர்கூட அதைச் சொல்லிக்கொண்டு வந்ததில்லை. வருகிறவர் சொல்வது 'அது', 'சேர்வது', 'ஒண்ணா இருக்கிறது', 'அந்த மாதிரி சமயம்'. பயிற்சி இல்லாத காதுக்கு இதெல்லாம் புரிந்த மாதிரியே இருக்கும். அதுதான் ஆபத்து.

உதாரணம். ஒருவர் வந்து "சீக்கிரம் போயிடுது" என்றார். நான் தலையாட்டினேன். விந்து முந்துகிறது என்று எழுதிக்கொண்டேன். இரண்டு செஷன் அதற்கான பயிற்சிகளை விளக்கினேன், வீட்டில் செய்யவும் கொடுத்தேன். மூன்றாவது செஷனில்தான் தெரிந்தது, அவருக்குப் போனது விந்து இல்லை, விறைப்பு. இரண்டும் வேறு வேறு பிரச்சினை, விசாரிக்க வேண்டிய காரணங்கள் வேறு. அவரும் பாவம், ஆலோசகர் சொல்கிறாரே என்று இரண்டு வாரம் சம்பந்தமில்லாத பயிற்சியைச் செய்திருக்கிறார்.

அன்று நான் கேட்டிருக்க வேண்டியது ஒரே ஒரு சொல். "எது?"

கேட்கத் தெரியாமல் இல்லை, கூச்சம். 'எது' என்று கேட்டால் அவர் சொல்ல வேண்டிவரும், சொன்னால் நானும் அதே சொல்லைத் திருப்பிச் சொல்ல வேண்டிவரும். 'புரிந்துவிட்டது' என்று தலையாட்டியது எனக்காக.

அதே மாதிரி 'ஆசையே இல்லை' என்று வரும் பெண்களில் பலருக்கு, மெதுவாகக் கேட்டுக்கொண்டே போனால், முதலில் இருந்தது வலி. வலிக்கும் காரியத்தின் மேல் யாருக்கு ஆசை வரும்? 'ஆசை' என்று கேஸ் தாளில் எழுதி மூடிவிட்டால் வலி கடைசி வரை வெளியே வராது.

வகுப்பில் ஒரு பயிற்சி வைத்தார்கள். வட்டமாக உட்கார்ந்து, உறுப்புகளின் பெயரையும் செயல்களின் பெயரையும் ஒவ்வொருவராகத் தங்கள் தாய்மொழியில், சாதாரணக் குரலில் சொல்ல வேண்டும். ஆங்கிலத்தில் சரளமாகச் சொன்ன ஆட்கள் தாய்மொழி என்றதும் தண்ணீர் பாட்டிலைத் தேடினார்கள். நான் மூன்றாவது சுற்றில்தான் சிரிக்காமல் சொன்னேன். தெருவில் வசவாகக் கேட்ட சொல்லும் வேண்டாம், புலவர் தமிழும் வேண்டாம், நடுவில் ஒரு சொல் வேண்டும். இன்றுவரை நான் செய்வது, முதல் செஷனிலேயே "இதை நீங்கள் எப்படிச் சொல்வீர்கள்? நானும் அதையே சொல்கிறேன்" என்று கேட்டுவிடுவது.

ஜனவரி 14, பிற்பகல் 1.20

மேலே எழுதியதில் 'விந்து முந்துதல்' என்பதை மட்டும் பிடித்துக்கொண்டு மூன்று பேர் எத்தனை நிமிடம் என்று கேட்டிருக்கிறீர்கள். எதிர்பார்த்தேன்.

சர்வதேசப் பாலியல் மருத்துவச் சங்கத்தின் வரையறைப்படி, முதல் அனுபவத்திலிருந்தே இருப்பது என்றால் உறுப்பு உள்ளே போன சுமார் 1 நிமிடத்துக்குள். இடையில் வந்தது என்றால் சுமார் 3 நிமிடம் அல்லது அதற்குக் குறைவு. நிமிடம் மட்டும் போதாது. தள்ளிப்போட முடியாமையும் அதனால் மனவேதனையும் சேர்ந்திருக்க வேண்டும். ஒப்பிட்டுப் பார்க்க விரும்புகிறவர்களுக்கு: ஐந்து நாடுகளில் நடந்து 2005இல் வெளியான ஓர் ஆய்வில் பெண்ணின் கையில் ஸ்டாப்வாட்ச் கொடுத்து அந்த நேரத்தை அளந்தார்கள். இடைநிலை அளவு (பாதிப் பேர் அதற்குக் கீழே, பாதிப் பேர் மேலே) 5.4 நிமிடம். அரை நிமிடத்தில் முடிந்தவரும் உண்டு, 44 நிமிடம் வரை போனவரும் உண்டு. (கையில் வாட்ச் இருக்கும்போது அந்த 44 நிமிடம் எப்படி ஓடியிருக்கும் என்று வகுப்பில் ஒருவர் கேட்டார். ஆசிரியரே சிரித்துவிட்டார்.)

நிறுத்தி நிறுத்தித் தொடரும் பயிற்சியை 1956இல் எழுதியவர் ஜேம்ஸ் செமன்ஸ் என்ற சிறுநீரக மருத்துவர். பாலியல் சிகிச்சை என்ற துறையே அப்போது உருவாகவில்லை.

ஜனவரி 14, இரவு 11.00

மத்தியானம் எழுதியதைப் படித்துவிட்டு எனக்கே ஒரு நெருடல். இந்த 5.4ஐ நான் ஒரு காலத்தில் மருந்து மாதிரிக் கொடுத்துக்கொண்டிருந்தேன். நான்கு நிமிடம் என்று கவலையோடு வந்தவரிடம் "இடைநிலையே 5.4தான், நீங்கள் நார்மல்" என்றேன். முகம் தெளியும் என்று பார்த்தால் இன்னும் சுருங்கியது. வீட்டில் மனைவி ஒரு வருடமாகப் பேசாமல் இருக்கிறார், ஆலோசகர் எண்ணைக் காட்டி 'உனக்குப் பிரச்சினை இல்லை' என்கிறார். அவர் எங்கே போவார்? எண் சரிதான். சொன்ன நேரம் தப்பு. "நான்கு நிமிடத்தில் முடிந்த பிறகு அறையில் என்ன நடக்கும்?" என்று கேட்டுவிட்டு அப்புறம் சொல்லியிருக்கலாம்.

ஜனவரி 15, காலை 6.50

மனப்பான்மைக் குழுப் பயிற்சி என்றால் என்ன, படம் போட்டுக் காட்டுவார்களாமே என்று கேட்டவருக்கு:

ஆம், காட்டுவார்கள். ஆங்கிலப் பெயரின் முதலெழுத்துகளைச் சேர்த்துப் படித்தால் 'சார்' என்று வரும். "சாருக்குப் போயிட்டு வந்தாச்சா?" என்பது எங்கள் பேட்சில் ஓயாத ஜோக். 1960களின் இறுதியில் சான் பிரான்சிஸ்கோவில் தொடங்கியது. முதியவர்கள், உடல் ஊனமுள்ளவர்கள், ஒரே பாலினத் தம்பதிகள் என்று பலவிதமான மனிதர்களின் பாலியல் வாழ்க்கையைப் படங்களிலும் நேர்ப் பேச்சிலும் முன்னால் வைப்பார்கள். ஒவ்வொன்றுக்கும் அப்புறம் சின்னக் குழுவாக உட்கார்ந்து 'உங்களுக்குள் என்ன நடந்தது' என்று பேச வேண்டும். யாரும் மனம் மாற வேண்டியதில்லை. எங்கே முகம் சுளிக்கிறோம் என்று தெரிந்துவைத்துக்கொண்டால் போதும்.

எதைப் பார்த்தாலும் அசராத ஆள் நான் என்று நினைப்பு. அசரவும் இல்லை, சக்கர நாற்காலியில் இருக்கும் ஒருவர் பேசும் படம் வரும்வரை. அவர் தன் ஆசைகளைப் பற்றிப் பேசியபோது எனக்கு வந்தது அருவருப்பில்லை. 'பாவம்' என்ற நினைப்பு. அது எவ்வளவு மோசம் என்று குழுவில் பேசும்போதுதான் உறைத்தது. அதுவரை ஊனமுள்ள கிளையன்டுகள் யாரிடமும் நான் பாலியல் வாழ்க்கையைப் பற்றிக் கேட்டதே இல்லை. ஒருவரிடம்கூட. கேட்கவில்லை என்பதையே நான் கவனித்திருக்கவில்லை.

10 மணி நேரத்தில் இது ஒன்றுதான் கிடைத்தது.

ஜனவரி 17, இரவு 10.40

யாரோ 'தொடுகைப் பயிற்சியை யூடியூப் பார்த்தே சொல்லிக்கொடுக்கலாம்' என்று எழுதியிருக்கிறீர்கள். நான் மூன்று வருடம் அதைத் தப்பாகவே சொல்லிக்கொடுத்தேன், உரிமையோடு பேசுகிறேன்.

அமெரிக்காவின் செயின்ட் லூயிஸில் மகப்பேறு மருத்துவர் வில்லியம் மாஸ்டர்ஸும் வர்ஜீனியா ஜான்சனும் உருவாக்கியது. 1970இல் எழுதி வெளியிட்டார்கள். தம்பதி இரண்டு வாரம் அங்கேயே தங்கி, தினமும் ஓர் ஆண் சிகிச்சையாளரையும் ஒரு பெண் சிகிச்சையாளரையும் சேர்ந்து பார்ப்பார்கள். முதல் விதி, உடலுறவு கூடாது. முதலில் மார்பையும் பிறப்புறுப்பையும் விட்டுவிட்டு உடலைத் தொடுவது. அப்புறம் படிப்படியாக.

நான் என்ன சொன்னேன்? "ஒருவருக்கொருவர் இன்பம் கொடுங்கள், எது பிடித்தது என்று கேளுங்கள்." ரொம்ப நல்ல வார்த்தைகள். ஒரு கணவர் அடுத்த வாரம் வந்து, "எட்டு மார்க் சார் அவங்க குடுத்தாங்க, பத்துக்கு" என்றார். மனைவி ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். பரீட்சைப் பயத்தால் தடுமாறுகிற ஒருவருக்கு நான் இன்னொரு பரீட்சை வைத்திருக்கிறேன்.

மூலத்தில் இருப்பது நேர் எதிர். தொடுகிறவர் தன் விரலுக்குக் கீழே என்ன இருக்கிறது என்று தனக்காகக் கவனிக்க வேண்டும். சூடா குளிர்ச்சியா, வழவழப்பா சொரசொரப்பா, அழுத்தமா லேசா. அவ்வளவுதான். எதிராளிக்குப் பிடிக்கிறதா என்று முகத்தைப் பார்க்க வேண்டியதில்லை. பிடிக்காவிட்டால் அவர் கையை நகர்த்திவிடுவார். காரணம் எளிது. கிளர்ச்சியை 'வா' என்று கூப்பிட்டால் வராது. கவனத்தை மட்டும் நாம் ஓர் இடத்தில் வைக்க முடியும், அது ஓடிப்போனால் திரும்பக் கூட்டி வர முடியும். தன்னையே வெளியே நின்று பார்த்து 'சரியாக நடக்கிறதா' என்று சோதித்துக்கொண்டிருக்கும் மனதுக்குச் செய்ய வேறு வேலை கொடுக்கிறோம்.

இன்னொன்று. 'விதியை மீறிவிட்டோம்' என்று இருவரும் சிரித்துக்கொண்டே வருவார்கள். எனக்கும் உள்ளுக்குள் சந்தோஷமாக இருக்கும், வேலை முடிந்தது போல. ஒருமுறை சூப்பர்வைசர் கேட்டார்: "யார் ஆரம்பித்தது? மற்றவர் எப்படிச் சரி என்றார்?" அடுத்த செஷனில் அதையே கேட்டேன். மனைவி சொன்னார், "வேண்டாம்னு சொல்ல அந்த விதியாவது இருந்துச்சு. அதுவும் போச்சு." நான் சிரித்த வாரம் அவருக்கு எப்படி இருந்திருக்கும்?

ஜனவரி 18, காலை 8.10

திருத்தம். 11ஆம் தேதி 'வகுப்பில் கேட்டது ஒன்றும் செய்யவில்லை' என்று எழுதினேன். அப்படி எழுதியது அகம்பாவம். ஒரு டாக்டர் நண்பர் படித்துவிட்டு, "அந்தச் சர்க்கரை கேஸ் மறந்துபோச்சா?" என்று கேட்டார்.

மறக்கவில்லை, எழுதப் பிடிக்கவில்லை. ஐம்பதைத் தாண்டியவர். விறைப்பு நிற்பதில்லை. வீட்டில் பெரிய சண்டை வேறு. சண்டை கிடைத்ததும் நான் அதில் இறங்கிவிட்டேன், ஐந்து செஷன். சூப்பர்வைசர் கேட்டது இரண்டே கேள்வி. "காலையில் எழும்போது விறைப்பு வருகிறதா? ரத்தப் பரிசோதனை செய்தாரா?" வருவதில்லை, செய்யவில்லை. டாக்டரிடம் அனுப்பினோம். சர்க்கரை எகிறிக் கிடந்தது. சண்டை ஒரு காரணமா என்றால் அதுவும் இருக்கலாம். ஆனால் ஐந்து வாரம் அவர் உடம்பை யாரும் பார்க்கவில்லை.

வகுப்பில் இதைச் சொல்லிக்கொடுத்திருந்தார்கள். ஆணுறுப்பின் ரத்தக்குழாய் இதயத்தின் குழாயைவிடக் குறுகலானது. அடைப்பு படிய ஆரம்பித்தால் முதலில் அங்கேதான் தெரியும். மாரடைப்புக்குச் சில வருடங்களுக்கு முன்பே விறைப்புக் குறைவு எச்சரிக்கையாக வரக்கூடும். மனச்சோர்வுக்குக் கொடுக்கும் எஸ்எஸ்ஆர்ஐ வகை மாத்திரைகள் உச்சத்தைத் தள்ளிப்போடும், சிலருக்கு வரவே விடாது. 'என்மேல் ஈர்ப்புப் போய்விட்டது' என்று துணைவர் அழுதுகொண்டிருப்பார், காரணம் மாத்திரை அட்டையில் இருக்கும். அதற்காக மாத்திரையை நிறுத்தச் சொல்வது நம் வேலை இல்லை. எழுதிக்கொடுத்த டாக்டரிடம் பேசச் சொல்வது நம் வேலை.

1998இல் சில்டெனாஃபில் (வயாகரா) என்ற விறைப்பு மாத்திரை வந்தபோது, இனி இந்தத் தொழில் படுத்துவிடும் என்று பேச்சு இருந்ததாம். பிரிக்காத அட்டையோடு வருகிறவர்களை நான் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த மாத்திரை கிளர்ச்சியை உண்டாக்காது. வந்த கிளர்ச்சிக்கு ரத்த ஓட்டத்தைத் துணைக்கு அனுப்பும். வீட்டில் பேச்சே இல்லாதபோது அது யாருக்குத் துணை போகும்? இன்னொரு பக்கம், நெஞ்சுவலிக்கு நைட்ரேட் எடுப்பவர் இதைச் சேர்த்து எடுத்தால் ரத்த அழுத்தம் ஆபத்தான அளவுக்கு இறங்கும். நாம் மாத்திரை எழுதுவதில்லைதான். 'கடையில் தானாக வாங்கிச் சாப்பிடுகிறீர்களா' என்று கேட்கத் தெரிய வேண்டும்.

எனவே 90 மணி நேரத்துக்கு என் மன்னிப்பு. தூங்கிய மணி நேரங்களுக்கும் சேர்த்து.

ஜனவரி 20, இரவு 9.15

முதலில் கேட்டவர் கொஞ்சம் கோபத்தோடு வந்திருக்கிறார்: "அப்படியென்றால் 500 மணி நேரம் முடிக்கும்வரை என் கிளையன்ட் இதைப் பற்றிப் பேசினால் காதைப் பொத்திக்கொள்ளவா?"

நியாயமான கோபம். நான் பயமுறுத்தும் தொனியில்தான் ஆரம்பித்தேன். ஜாக் ஆனன் என்ற உளவியலாளர் 1970களில் நான்கு படி ஒன்று வகுத்தார். பிளிசிட் என்பார்கள். முதல் படி அனுமதி: இதைப் பேசலாம், நீங்கள் நினைப்பது விநோதமில்லை. இரண்டாவது, அளவான தகவல். மூன்றாவது, அவருடைய நிலைமைக்கென்று குறிப்பான யோசனை. நான்காவதுதான் தீவிர சிகிச்சை. மேலே ஏற ஏற ஆட்கள் குறைவார்கள். பெரும்பாலோருக்கு முதல் இரண்டு படியே போதும். பிற்பாடு, 2006இல், இதைத் திருத்தியவர்கள் அனுமதியை முதல் படியோடு விட்டுவிடாமல் ஒவ்வொரு படியிலும் சேர்த்தார்கள். என் அனுபவத்திலும் அதுதான் சரி. முதல் வாரம் கொடுத்த அனுமதி ஐந்தாவது வாரத்துக்குச் செல்லுபடியாகாது.

உங்கள் 40 மணி நேரக் கோர்ஸ் முதல் இரண்டு படிக்கு நேர்மையாக உதவும், நல்ல ஆசிரியர் அமைந்தால் மூன்றிலும் பாதி. கதவுப் பிடியில் கை வைத்தவரை நீங்கள் திரும்ப உட்காரவைத்திருப்பீர்கள், நான் வைக்கவில்லை. போய்ச் சேருங்கள். போர்டு மட்டும் வேண்டாம்.

ஜனவரி 21, காலை 7.30

'விசிட்டிங் கார்டு?' என்று கேட்டவருக்கு: போர்டைச் சின்னதாக அச்சடித்தாலும் போர்டுதான்.

ஜனவரி 23, இரவு 11.20

ஆசை பற்றி நீண்ட சண்டை ஓடியிருக்கிறது, இப்போதுதான் பார்க்கிறேன்.

உடலுறவின்போது உடம்பில் நடப்பதை மாஸ்டர்ஸும் ஜான்சனும் பிரித்து வரைந்த நான்கு கட்டத்தில் ஆசை என்ற கட்டமே கிடையாது, கிளர்ச்சியில்தான் தொடங்கும். ஹெலன் சிங்கர் கேப்லன் என்ற மனநல மருத்துவர் 1970களின் இறுதியில் ஆசையைத் தனியாகப் பிரித்துச் சேர்த்தார். 2000இல் ரோஸ்மேரி பாஸன் என்ற மருத்துவர் ஒரு வட்டம் வரைந்தார். நீண்ட உறவில் இருக்கும் பல பெண்களுக்கு ஆசை முதலில் வருவதில்லை. நெருக்கம் வேண்டும் என்ற விருப்பத்தோடு ஆரம்பித்து, கிளர்ச்சி வந்து, அதற்குப் பின்னால் ஆசை வரலாம். 'எனக்கு ஏதோ கோளாறு' என்று வருடக்கணக்கில் நினைத்துக்கொண்டிருந்த ஒருவரிடம் இந்தப் படத்தைப் பேனாவால் வரைந்து காட்டியபோது, அந்தத் தாளைக் கேட்டு வாங்கிக்கொண்டு போனார்.

சரி, இப்போது இழையில் ஒருவர் எழுதியது: "அப்போ ஆரம்பிச்சா ஆசை தானா வரும்னு மனைவிகிட்ட சொல்லிடலாம்." கூடவே கூடாது. 'விருப்பத்தோடு' என்ற சொல்லை விழுங்கிவிட்டுப் படித்திருக்கிறீர்கள். வலி இருந்தால், பயம் இருந்தால், கோபம் இருந்தால் அந்த வட்டம் சுற்றாது. பான்க்ராஃப்ட், யான்சன் என்ற ஆய்வாளர்கள் சொன்ன ஆக்ஸிலரேட்டர்-பிரேக் கணக்கு இங்கே உதவும்: தூண்டுவது ஒன்று, தடுப்பது ஒன்று, இரண்டும் தனித்தனி. ஆசை இல்லை என்று வருகிற வண்டியில் நாம் எல்லோரும் ஆக்ஸிலரேட்டரை மிதிக்கிறோம். காலைக் கீழே விட்டுப் பார்த்தால் ஹேண்ட்பிரேக் போட்டிருக்கும்.

உடம்பு தயாரானால் மனமும் சம்மதம் என்று எண்ணுவதும் தப்பு. மெரிடித் சைவர்ஸ் குழுவினர் 2010இல் பல ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். உறுப்பில் தெரியும் மாற்றமும் அவரே சொல்லும் கிளர்ச்சியும் ஆண்களிடம் ஓரளவு ஒத்துப்போகின்றன (முழுப் பொருத்தம் 1 என்றால் 0.66), பெண்களிடம் ரொம்பக் குறைவாகவே (0.26). ஈரம் ஒரு உடல் செயல். 'சரி' என்பது வாயால் சொல்ல வேண்டியது.

ஜனவரி 26, மாலை 5.00

ரகசியம். தம்பதி ஆலோசகர்களுக்கு இது பழைய தலைவலி, இங்கே இரட்டைத் தலைவலி. பாலியல் வரலாறு கேட்க இருவரையும் தனித்தனியாகப் பார்ப்போம். அங்கே ஒருவர் வேறொரு உறவைச் சொல்கிறார். 'அவங்ககிட்ட சொல்லிடாதீங்க.' நான் முன்கூட்டி எதுவும் பேசிவைக்கவில்லை. அப்புறம் ஒன்பது வாரம், ஒன்றும் தெரியாதவரின் முன்னால் உட்கார்ந்து ஆசைக் குறைவுக்குத் தொடுகைப் பயிற்சி சொல்லிக்கொண்டிருந்தேன். வேறு ஆலோசகரிடம் அனுப்பித்தான் வெளியே வந்தேன். தனியாகச் சொல்வதை என்ன செய்வேன் என்று இப்போது முதல் நாளே இருவர் முன்னாலும் சொல்லி, எழுதிக் கையெழுத்து வாங்குகிறேன்.

இதைப் படிக்கும் பொதுவாசகர்களுக்கு ஒன்று. இது பேச்சுச் சிகிச்சை. சிகிச்சையாளர் தொடமாட்டார், ஆடையை அவிழ்க்கச் சொல்லமாட்டார், செய்து காட்டமாட்டார், தன் முன்னால் செய்யவும் சொல்லமாட்டார். உடல் பரிசோதனை வேண்டுமானால் டாக்டர், மருத்துவ முறைப்படி. இடுப்புத்தளத் தசைப் பயிற்சி வேண்டுமானால் அதற்கென்று படித்த பிசியோதெரபிஸ்ட். யாராவது வேறு மாதிரி சொன்னால் எழுந்து வந்துவிடுங்கள்.

பிப்ரவரி 2, இரவு 8.45

எந்தக் கோர்ஸ் நல்லது என்று தனி மடல்கள். பெயர் சொல்லமாட்டேன். கேட்க வேண்டிய கேள்விகளைச் சொல்கிறேன்: சூப்பர்விஷன் உண்டா, ஒலிப்பதிவைக் கேட்பார்களா, மருத்துவப் பகுதியை டாக்டர் நடத்துகிறாரா. பாடத்தாளில் 'பாலியல் அடிமைத்தனம்' (செக்ஸ் அடிக்‌ஷன்) என்று பெரிய எழுத்தில் இருந்தால் அதை எப்படி நடத்துகிறார்கள் என்று கேளுங்கள். அதை ஒரு மனநோயாக வகைப்படுத்தப் போதிய சான்று இல்லை என்று ஆசெக்ட் 2016இல் அறிக்கை விட்டது. உலக சுகாதார நிறுவனத்தின் நோய்ப் பட்டியலான ஐசிடி-11 'கட்டுக்கடங்காத பாலியல் நடத்தை' என்று ஒன்றைச் சேர்த்திருக்கிறது, ஆனால் உந்துதல் கட்டுப்பாட்டுக் கோளாறுகளின் கீழே. வெறும் ஒழுக்கக் குற்றவுணர்ச்சியால் வரும் வேதனை அதற்குப் போதாது என்றும் எழுதியிருக்கிறது. என்னிடம் 'அடிமை' என்று வந்தவர்களில் சிலர் மாதத்தில் இரண்டு முறை சுய இன்பம் செய்கிறவர்கள்.

ஒரே பாலின ஈர்ப்பை 'மாற்றித் தருவோம்' என்று சொல்லும் கோர்ஸ் என்றால் கட்டின பணம் போனாலும் பரவாயில்லை, வெளியே வாருங்கள். அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் அந்த ஈர்ப்பை நோய்ப் பட்டியலிலிருந்து எடுக்க முடிவெடுத்தது 1973இல்.

பிப்ரவரி 9, இரவு 10.05

முதலில் கேட்டவர் கோர்ஸில் சேர்ந்துவிட்டாராம். நேற்று முதல் ரோல்ப்ளே. கிளையன்டாக நடித்தவர், இந்த இழையைப் படித்தவர் போலிருக்கிறது, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு "சீக்கிரம் போயிடுது" என்றாராம். இவர் குரலை இறக்காமல், நிமிர்ந்து உட்கார்ந்து "எது?" என்றிருக்கிறார். வகுப்பே விழுந்து விழுந்து சிரித்ததாம். இவரும் சிரித்துவிட்டாராம், அதனால் மார்க் குறைந்துவிட்டது என்று எனக்குப் புகார் எழுதியிருக்கிறார்.

நான் அங்கே இருந்திருந்தால் நானும் சிரித்திருப்பேன். அப்புறம் பதிவை நிறுத்தி, இங்கே ஏன் சிரித்தீர்கள் என்று கேட்டிருப்பேன்.